தேனடை நீட்டும் இடக்கை: ஒரு மேனரிச உருவக ஓவியத்தைப் படிப்பது எப்படி?

'மேனரிசம்' என்ற சொல் தமிழர்களுக்குப் புதிதல்ல. ஒரு நடிகர் தலைமுடியைக் கோதிவிட்டாலோ, கண்ணாடியைச் சுழற்றி மாட்டிக்கொண்டாலோ அதை அவருடைய மேனரிசம் என்கிறோம். ஐரோப்பிய ஓவியத்தைப் பற்றிப் படிக்கும்போதும் அதே சொல் எதிர்ப்படும். அங்கே அது 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் எழுந்த ஓர் ஓவியப் பாணியின் பெயர். சினிமா மேனரிசத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உறவு உண்டு, சற்றுப் பொறுத்து அதற்கு வருகிறேன்.

அந்தப் பாணியின் பேர்போன ஓவியம் ஒன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஃபிளாரன்ஸ் நகரத்து ஓவியர் பிரோன்சினோ 1545ஆம் ஆண்டையொட்டி வரைந்தது. 'வீனஸும் கியூபிட்டும் இடம்பெறும் ஓர் உருவகம்' என்பது அருங்காட்சியகம் அதற்கு வைத்திருக்கும் பெயர். கைபேசிகளில் இந்தப் படம் சுற்றி வரும்போது கூடவே இரண்டு விதமான குறிப்புகளும் வருகின்றன. சிலருக்கு இது பழங்கால ஆபாசப் படம். வேறு சிலருக்கு இது 'காமத்தால் கெட்டான்' வகை நீதிபோதனை. இரு தரப்பினரும் படத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதியைப் பார்க்க இரண்டே கருத்துகள் தெரிந்தால் போதும்: உருவகம், மேனரிசம்.

படத்தில் என்ன இருக்கிறது?

விளக்கத்துக்கு முன் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லிவிடலாம். ஏறத்தாழ 146 செ.மீ. உயரமும் 116 செ.மீ. அகலமும் கொண்ட மரப்பலகை. அதன்மேல் எண்ணெய் வண்ணம். நடுவில் ஆடையற்ற ஒரு பெண், பளிங்கைப் போன்ற வெண்மையோடு. இடப்பக்கம் சிறகு முளைத்த ஒரு விடலைப் பையன் மெத்தையில் முழங்காலிட்டு, உடலை வளைத்து அவளை முத்தமிடுகிறான். வலப்பக்கம் ஒரு சிறுவன் கை நிறைய ரோஜாப் பூக்களை வைத்துக்கொண்டு அவர்கள்மேல் வீசப் போகிறான். அவனுக்குப் பின்னால் பச்சை உடுப்பில் அழகிய முகத்தோடு ஒரு சிறுமி எட்டிப் பார்க்கிறாள். மேலே நரைத்த தாடியும் சிறகும் கொண்ட ஒரு முதியவர் நீலத் திரையைப் பற்றியிருக்கிறார். இடது ஓரத்தில் ஓர் உருவம் தலையைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது. அதற்கும் மேலே இன்னொரு முகம். கீழே முகமூடிகள் கிடக்கின்றன. ஒரு புறாவும் இருக்கிறது.

இத்தனை பேரும் ஒரே பலகைக்குள். திருவிழாக் காலத்து ரயில் பெட்டி போல நெரிசல். மூச்சுவிட இடம் இல்லை. இந்த நெரிசலை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கருத்து ஆளாக வந்தால்

செய்தித்தாளில் வரும் கருத்துப்படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பை பெருத்த ஓர் ஆள், ஒட்டிய வயிற்றோடு நிற்கும் இன்னொருவரின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். மேலே இருப்பவன் சட்டையில் 'விலைவாசி' என்றும், கீழே இருப்பவர் துண்டில் 'பொதுமக்கள்' என்றும் எழுதியிருக்கும். விலைவாசிக்குத் தொப்பை கிடையாது, கால்களும் கிடையாது. ஆனாலும் நமக்குப் புரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கருத்துக்கு உடம்பு கொடுத்து, அதை ஆளாக நடமாட விடுவதுதான் இங்கே உருவகம். தமிழ் இலக்கணத்தில் 'முகத்தாமரை' என்பதையும் உருவகம் என்போம். அது ஒரு சொற்றொடருக்குள் முடிந்துபோகும். ஓவியத்தில் உருவகம் என்றால் படம் முழுக்கக் கருத்துகளே பாத்திரங்களாக நடிக்கின்றன என்று பொருள்.

சட்டையில் பெயர் எழுதாமல் அவர்களை அடையாளம் காண்பது எப்படி? நாம் கோயிலில் செய்வதைப் போலத்தான். வேலைக் கண்டால் முருகன். கையில் வீணை இருந்தால் சரஸ்வதி. சிலையின் முகத்தை வைத்து நாம் யாரையும் கண்டுபிடிப்பதில்லை. இப்படி ஓர் உருவத்தை இன்னாரென்று காட்டிக்கொடுக்கும் பொருளை அடையாளப் பொருள் என்று வைத்துக்கொள்வோம்.

அடையாளப் பொருளை மாற்றினால் அர்த்தமும் மாறும். நீதிமன்றங்களில் நிற்கும் நீதி தேவதைக்குத் தராசு, வாள், கண்கட்டு மூன்றும் வழக்கம். இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் நூலகத்தில் புதிய சிலை வைத்தார்கள். அதன் கண்கள் திறந்திருக்கின்றன. வாள் இருந்த கையில் அரசியலமைப்புச் சட்டப் புத்தகம் இருக்கிறது. 'குருட்டு நீதி இல்லை, தண்டனையைவிடச் சட்டம் பெரிது' என்ற செய்தியை ஒரு வரிகூட எழுதாமல் ஒரு துணியையும் ஒரு புத்தகத்தையும் வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

இனி பிரோன்சினோவின் படத்துக்குத் திரும்பினால் சில உருவங்கள் உடனே பெயர் சொல்கின்றன. நடுவில் இருக்கும் பெண்ணின் இடக்கையில் ஒரு பொன் ஆப்பிள். தேவியரில் யார் பேரழகி என்ற போட்டியில் பாரிஸ் என்ற இளவரசன் பரிசாகக் கொடுத்தது அது. எனவே அவள் காதல் தேவதை வீனஸ். சிறகும் அம்பறாத்தூணியும் இருப்பதால் பையன் காதல் அம்பு எய்யும் கியூபிட். முதியவரின் தோளில் மணற்கடிகாரம் இருக்கிறது, அவர் காலம். இவை எளிய பாடங்கள். அன்றைய அரசவையில் உலவிய எவரும் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள்.

கியூபிட் மன்மதன் அல்ல

தமிழில் எழுதுகிறவர்கள் கியூபிட்டை 'மன்மதன்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அம்பு எய்கிறான், காதல் மூட்டுகிறான், எல்லாம் பொருந்துகிறதே என்ற நினைப்பு. இந்த ஓவியத்தைப் பொறுத்தவரை அந்த மொழிபெயர்ப்பு படத்தையே கெடுத்துவிடும். மன்மதன் ரதியின் கணவன். கியூபிட்டோ வீனஸின் மகன்.

மறுபடியும் நடுப்பகுதியைப் பாருங்கள். மகன் தாயை முத்தமிடுகிறான், பிள்ளை முத்தமிடும் விதத்தில் அல்ல. அவனுடைய ஒரு கை அவள் மார்பில் இருக்கிறது. 'மன்மதன்' என்று படித்தவருக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. உறவு தெரிந்தவருக்கு வயிற்றைப் பிசையும். ஓவியர் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார். பார்ப்பவரை முதலில் இழுக்க வேண்டும், இழுத்த பிறகு கூச வைக்க வேண்டும்.

கைகளை இன்னும் கிட்டத்தில் பார்த்தால் வேறொரு கதை நடக்கிறது. வீனஸின் வலக்கை தலைக்கு மேலே உயர்ந்திருக்கிறது. அதில் ஓர் அம்பு. அது கியூபிட்டின் அம்பு. முத்தத்தில் அவன் மயங்கியிருக்கும்போது உருவியிருக்கிறாள். கியூபிட்டின் இன்னொரு கையோ அவள் தலையில் இருக்கும் முத்துக் கிரீடத்தின்மேல் போகிறது. தாய் மகனின் ஆயுதத்தையும், மகன் தாயின் கிரீடத்தையும் திருடுகிறார்கள் என்று படிக்கும் அறிஞர்கள் உண்டு. முத்தம் வெறும் கண்கட்டு வித்தை.

இதுவரை பார்த்ததில் மனத்தில் வைக்க வேண்டியது: பாத்திரங்கள் மனிதர்களல்ல, கருத்துகள். அவர்களை அடையாளப் பொருள் காட்டிக்கொடுக்கிறது. நடுவில் நடக்கும் காதலும் பார்த்த மாத்திரத்தில் தோன்றுவது போன்றதல்ல.

பாணியே கதையாகும்போது

'மனியெரா' என்ற இத்தாலியச் சொல்லுக்குக் கைவழக்கம், பாணி, நேர்த்தி என்றெல்லாம் பொருள். கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நடிகரின் மேனரிசமும் அங்கிருந்து கிளைத்ததுதான். காட்சிக்குத் தேவையோ இல்லையோ, அவர் கண்ணாடியைச் சுழற்றும்போது நாம் கதையை மறந்து அவரைப் பார்க்கிறோம். செய்யப்படுவதைவிடச் செய்கிற விதம் முன்னால் வந்து நிற்பதுதான் மேனரிசம். ஓவியத்துக்கும் அந்த வரையறை பொருந்தும்.

ஓவியர் ரஃபேல் 1520இல் இறந்தார். அதற்குள் அவரும் லியொனார்டோவும் மைக்கலாஞ்சலோவும் உடற்கூறு, தொலைவைக் காட்டும் முறை, ஒளிநிழல் எல்லாவற்றிலும் இயற்கையை எட்டிப் பிடித்துவிட்டார்கள். அடுத்து வந்த இளைஞர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாட்டுக் கச்சேரியில் முந்தையவர் ராகத்தை முழுவதும் பாடித் தீர்த்துவிட்டார். அடுத்து மேடையேறுகிறவர் என்ன செய்வார்? அரிய பிரயோகங்களையும் எதிர்பாராத திருப்பங்களையும் தேடிப் போவார். ஓவியர்களும் அப்படித்தான் போனார்கள். கழுத்து நீண்டது. விரல்கள் மெலிந்தன. உடல்கள் பாம்பு போல முறுக்கிக்கொண்டன. நிறங்கள் சர்க்கரைப் பாகும் பனிக்கட்டியும் கலந்தவை போல ஆயின. பார்மிஜானினோ வரைந்த மாதாவுக்கு எவ்வளவு நீண்ட கழுத்தென்றால், 'நீண்ட கழுத்து மாதா' என்பதே அந்தப் படத்தின் பெயராகிவிட்டது. வரையத் தெரியாமல் அப்படி வரைந்தார்கள் என்று நினைப்பதுதான் இந்தப் பாணியைப் பற்றிய முதல் தவறான எண்ணம்.

பிரோன்சினோ (1503–1572) ஓவியர் பொன்டோர்மோவிடம் தொழில் கற்றவர். 1537இல் 17 வயதிலேயே ஃபிளாரன்ஸின் அதிகாரத்துக்கு வந்த கோசிமோ தெ மெடிச்சியின் அரசவை ஓவியர். கவிதையும் எழுதுவார், அவற்றில் இரட்டை அர்த்தம் விளையாடும் நையாண்டிக் கவிதைகளும் உண்டு. சிலேடையில் கை பழகியவர் என்பது இந்தப் படத்துக்கு முக்கியம். சிலேடையில் ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கும். இங்கே ஒரே கை, ஒரே முகம், ஒரே பூ இரண்டு பொருளைச் சுமக்கின்றன.

கியூபிட்டின் உடலை மட்டும் தனியாகப் பாருங்கள். முழங்கால் ஒரு திசையில், பின்புறம் ஒரு திசையில், கழுத்து வேறொரு திசையில். அந்த நிலையில் யாராலும் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாது, ஆனால் கோடு மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. தோலில் தூரிகைத் தடம் இல்லை, வெப்பம் இல்லை, வியர்வை இல்லை. காதல் காட்சி, ஆனால் தொட்டால் தரைக்கல் போலச் சில்லிடும் என்று தோன்றுகிறது. படம் வஞ்சகத்தைப் பற்றியது, அதன் பாணியும் வஞ்சகம் செய்கிறது என்றால் மிகையில்லை. (கீழே இடது மூலையில் கியூபிட்டின் பாதம் இருக்கிறது. 1969இல் தொடங்கிய ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில், திரை உச்சியிலிருந்து இறங்கி எல்லாவற்றையும் நசுக்குமே ஒரு ராட்சதக் கால், அது இங்கிருந்து வெட்டி எடுத்ததுதான். பிரோன்சினோ ரசித்திருப்பார்.)

தண்டனை எங்கே?

பொதுவாக நீதிக் கதைகளில் வரிசை ஒன்று உண்டு. முதலில் தவறு, பிறகு தண்டனை. கோயில் சுவரிலோ பழைய அச்சுப் படங்களிலோ நரகத்தைப் பார்த்திருப்பீர்கள். பாவம் பூமியில், எண்ணெய்க் கொப்பரை யமலோகத்தில். இடையில் ஒரு சாவு இருக்கிறது. இந்தப் படத்தில் அப்படிப்பட்ட இடைவெளி இல்லை. நெரிசலை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இன்பமும் துன்பமும் தோளோடு தோள் இடிக்கின்றன.

ரோஜா வீசும் சிறுவனிடம் தொடங்குவோம். வாயெல்லாம் சிரிப்பு. ஒரு கணுக்காலில் சலங்கை போலச் சிறு மணிகள். இவனை 'இன்பம்' என்கிறார்கள், 'விளையாட்டு' என்றும் 'மூடத்தனம்' என்றும்கூடச் சொல்கிறார்கள். பார்வையை அவன் பாதத்துக்கு இறக்குங்கள். வலது பாதத்தில் ஒரு முள் குத்தி ஏறியிருக்கிறது. அவன் சிரிப்பில் அதற்கான சுவடே இல்லை. முள் ஏறிவிட்டது, வலி வரவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கணத்தில் ஓவியர் அவனை நிறுத்தி வைத்திருக்கிறார். ரோஜாவைக் கொடுத்த செடிதான் முள்ளையும் கொடுத்திருக்கும்.

அடுத்தவள் பச்சை உடுப்புச் சிறுமி. என்னைக் கேட்டால் இந்தப் படத்திலேயே மிகவும் பயங்கரமானவள் இவள்தான். முகத்தில் பால் வடிகிறது. ஒரு கையில் தேனடையை நீட்டுகிறாள். உடுப்புக்குக் கீழே போனால் செதில் படர்ந்த உடல், சிங்கத்தின் கால்கள், சுருண்ட வால். அந்த வாலின் நுனியில் இருக்கும் கொடுக்கை மறு கையில் மறைத்து வைத்திருக்கிறாள். இவளை 'வஞ்சகம்' என்பதில் பலரும் உடன்படுகிறார்கள்.

அத்தோடு விடவில்லை பிரோன்சினோ. அவளைப் போலவே உங்கள் கைகளை நீட்டிப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன், விரல்கள் ஒத்துவரவில்லை. காரணம், அவளுடைய வலப்புயத்தில் இருப்பது இடது கை. இடப்புயத்தில் இருப்பது வலது கை. தேனடை வலக்கையிலிருந்து வருவது போலத் தெரிகிறது, உண்மையில் அது இடக்கை. நல்ல கையோ கொடுக்கைப் பிடித்திருக்கிறது. கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1939இல் வெளியான நூலில் இதை விளக்கி எழுதினார். இடக்கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று வளர்ந்த நமக்கு இந்தத் தந்திரத்தின் கூர்மையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது உருவம் இடது ஓரத்தில் அலறுகிறது. கலங்கிச் சிவந்த கண்கள், பல் போன வாய், தலைமுடியைப் பிய்க்கும் கைகள். நெடுங்காலமாக இதைப் 'பொறாமை' என்றே அழைத்து வந்தார்கள். 1980களில் வேறொரு விளக்கம் வந்தது: அந்த உடலில் தெரிபவை சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் அறிகுறிகள். அந்த நோய் இத்தாலியில் பெரிதாக வெடித்தது 1495இல், நேப்பிள்ஸைப் பிரெஞ்சுப் படை பிடித்தபோது. இத்தாலியர்கள் 'பிரெஞ்சு நோய்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள். சிபிலிஸ் என்ற பெயரே 1530இல் ஃபிராகஸ்தோரோ என்ற மருத்துவர் எழுதிய லத்தீன் கவிதையிலிருந்து வந்தது. தமிழ் என்ன சொன்னது தெரியுமா? 'பறங்கிப் புண்'. பழியை அடுத்தவன் தலையில் கட்டுவதில் நாமும் குறைந்தவர்களல்ல. அதற்கு மருந்தாகக் கொடுத்த கிழங்குக்குப் பறங்கிப்பட்டை என்று பெயர். நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது.

பொறாமையா நோயா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டுமே காதலின் பின்கட்டில் குடியிருப்பவைதான். இடம்தான் என் கண்ணில் படுகிறது: அலறும் உருவம் கியூபிட்டின் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கிறது. திரும்பினால் முகத்தில் இடித்துக்கொள்வான். அவன் திரும்பவில்லை.

ஆக, தண்டனை படத்தின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. பாதத்தில் முள்ளாகவும், தேனடைக்குப் பின்னால் கொடுக்காகவும், முதுகுக்குப் பின்னால் அலறலாகவும் இன்பத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். பார்க்கும் நமக்கும் அது முதலில் படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? வெண்ணிற உடல்களைத்தானே முதலில் பார்த்தோம்.

திரையை இழுப்பது யார், எந்தப் பக்கம்?

மேலே காலம் நீலத் திரையைப் பிடித்திருக்கிறார். எதிர்மூலையில் இருக்கும் முகத்துக்குப் பின்மண்டையே இல்லை. உள்ளீடற்ற முகமூடி போல இருக்கிறது. நினைவு தங்க இடமில்லாத தலை என்பதால் அதை 'மறதி' என்கிறார்கள் சிலர். 'இரவு' என்பவர்களும் உண்டு. காலம் திரையை விலக்கி எல்லாவற்றையும் அம்பலப்படுத்துகிறார் என்பது ஒரு வாசிப்பு. அந்த மறதி திரையை மூடப் பார்க்க, காலம் அதைத் தடுக்கிறார் என்பது இன்னொரு வாசிப்பு. எப்படிப் படித்தாலும் கடைசியில் எல்லாம் வெளியே தெரிந்துவிடுகிறது.

அந்தக் காலத்திலேயே இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர் ஜார்ஜோ வசாரி. ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்தவர். 1568இல் வந்த பதிப்பில், தனிச் சிறப்பான அழகு கொண்ட ஓர் ஓவியம் பிரான்ஸ் மன்னர் பிரான்சிஸுக்கு அனுப்பப்பட்டதாகச் சொல்கிறார். முத்தமிடும் கியூபிட்டோடு வீனஸ், ஒரு பக்கம் இன்பமும் விளையாட்டும், மறுபக்கம் வஞ்சகமும் பொறாமையும் என்று பட்டியல் போடுகிறார். அது இந்தப் படம்தான் என்றே கருதுகிறார்கள். ஆனாலும் அவருடைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உருவங்களை எண்ணினால் கணக்கு இடிக்கிறது. புதிர்களை அவிழ்ப்பது அன்றைய அரசவைகளில் ஒரு பொழுதுபோக்கு. விருந்து முடிந்து மதுக் கோப்பையோடு படத்தின் முன் நின்று, 'இவள் யார், அந்தக் கை யாருடையது' என்று வாதாடிக்கொள்வதற்காகச் செய்யப்பட்ட பொருள் இது. ஒரே விடையைக் கேட்டு நச்சரிப்பது அந்த ஆட்டத்தைக் கலைப்பது.

1860இல் நேஷனல் கேலரி இந்தப் படத்தைப் பாரிஸில் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து வாங்கியது. விக்டோரியா காலத்து லண்டனில் இதை அப்படியே மாட்ட முடியவில்லை. வீனஸின் நாக்கையும் மார்புக் காம்பையும் வண்ணம் பூசி மறைத்தார்கள். அவளுடைய இடையில் ஒரு துணியும், கியூபிட்டின் பின்புறத்தில் ஓர் இலைக் கொத்தும்கூட ஒரு காலத்தில் ஏறியிருந்தன. திரையை விலக்கும் முதியவர் மேலேயே நிற்கும் படத்துக்கு, வெளியிலிருந்து புதிதாகத் திரை போட்டிருக்கிறார்கள்! 1958இல் படத்தைச் சுத்தம் செய்தபோது அந்த மேற்பூச்சுகளையெல்லாம் கரைத்து எடுத்தார்கள். நாக்கு திரும்ப வந்தது. சிறுவனின் பாதத்து முள்ளையோ சிறுமியின் கொடுக்கையோ மறைக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை.